பதில் குரல்

ஆர்மோனியத்துக்கு ஈரம் ஆகாது. இங்கே கிளம்பி வந்த அவசரத்தில் பெட்டியை மூடாமல் வந்துவிட்டேன். உங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போகும்போது அதை மூடி, உள்ளே ஒரு துணியில் கொஞ்சம் அரிசியை முடிந்து வைத்தால் நல்லது. அரிசி அடுப்புக்கு மேல் தட்டில், நீல மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. நம் மல்லம்பிம்பி ஊரில் பிப்ரவரி மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் செருப்பு ஒரே வாரத்தில் பச்சை பூத்துவிடும். துருத்தி கெட்டால் பிரிஸ்பேனுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அது மேவ் எனக்கு வாங்கிக் கொடுத்த பெட்டி.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் லியோனி. இந்த ஊரில் எல்லோருக்கும் லீ. முன்பு பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். முதுகுவலிக்கு யோகா நல்லது என்று யாரோ சொல்லித்தான் மேவ் காரிகனின் வகுப்புக்குப் போனேன். வீட்டில் கணவன் விட்டுப் போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. பேருந்தில் பிள்ளைகளை அதட்டுவதைத் தவிர நான் யாரோடும் பேசுவதில்லை. வாசலில் அவள் என் பெயரைக் கேட்டாள். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவள் சிரிக்கவில்லை. "பரவால்ல, பாடினா வந்துடும்" என்றாள்.

மேவின் பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள், அவள் பெயர் தெரியாமலேயே. பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில், மசாஜ் கடைகளில், குழந்தையைத் தூங்க வைக்கும் வீடுகளில் எல்லாம் ஓடும். காலையில் ஊர்ப் பொது மண்டபத்தில் யோகா சொல்லிக் கொடுப்பாள். கடைசியில் எல்லோரும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடியதும் கிதாரை எடுத்துத் தான் கட்டிய பாட்டைப் பாடுவாள். ஓம் என்று மந்திரமாகத்தான் தொடங்கும். மூன்றாவது வரியில் அவள் அப்பாவின் பால்மாடுகள் வந்துவிடும், நாலாவது வரியில் ஓடையில் வெள்ளம் வரும், பிறகு மறுபடியும் மந்திரம். கேட்டால் வேடிக்கையாகத் தோன்றும். படுத்துக்கொண்டு கேட்டவர்கள் அழுதுகொண்டே எழுந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டுப் பாட்டு. அவள் ஒரு வரி பாட, மண்டபம் அதைத் திருப்பிப் பாட வேண்டும். நம் ஆட்கள் குடித்தால்தான் பாடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். குடிக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தெரியாத மொழியில் பாடச் சொன்னால் தொண்டையை மட்டும் கனைப்பார்கள். அதனால் அவர்களில் ஒருத்தியைப் போல உட்கார்ந்து, முதலில் வாயைத் திறப்பவள் ஒருத்தி வேண்டும். அவள் திறந்தால் மற்றவர்களுக்கு வெட்கம் போய்விடும். அந்த ஒருத்தி நான்தான். பிறகு ஆர்மோனியத்தோடு மேடைக்கு வந்தேன், ஆனாலும் வேலை அதேதான். அவள் கேட்பாள், நான் பதில் சொல்வேன்.

பதில் சொல்வது லேசு என்று நினைப்பார்கள். பாடுகிறவள் எங்கே மூச்செடுக்கிறாள் என்று பார்த்து அங்கே மூச்செடுக்க வேண்டும். நான் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படி வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து, என் குரல் அவள் குரலுக்குள் போய்விட்டது. பேசும்போதுகூட. ஒலிப்பதிவு செய்கிறவர்கள் எது யார் குரல் என்று எங்களிடமே கேட்பார்கள். மேவின் அம்மா உயிரோடிருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். மேவ் போனை என் கையில் திணித்துவிட்டுத் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விடுவாள். நான் மகளாகப் பேசி, மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டு, முத்தம் கொடுத்துப் போனை வைப்பேன். திரும்பி வந்து விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"பெத்த அம்மாவையே ஏமாத்திட்டியேடி. நீ எனக்குப் பதில் சொல்லன்னே பொறந்தவ."

அவளை எந்த மாதிரி நேசித்தேன் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் நான் இருந்தேன். அவள் இருமினால் எனக்குத் தொண்டை வலிக்கும். அந்த மாதிரி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

டங்கன் நல்ல மனிதன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெற்கே கடல் தாண்டி, ஹோபார்ட் பக்கம் மரப்படகு கட்டுகிறவன். அவன் அக்கா இழுத்துக்கொண்டு வந்ததால் எங்கள் குளிர்கால முகாமுக்கு வந்தான். எல்லோரும் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது குறட்டை விட்டான். மேவ் பாடிக்கொண்டே இருந்தவள் பாட்டின் நடுவில் சிரித்துவிட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் ஒரு வரியை விட்டது அன்றுதான். அடுத்த முறை வந்தபோது காய்கறி மட்டும் சமைக்கிற எங்கள் சமையலறைக்குப் புகை போட்ட மீனைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். மேவ் வராந்தாவில் அவனோடு உட்கார்ந்து அதைத் தின்றாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

போன ஏப்ரலில் ஒரு சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். காட்டு வான்கோழி ஒன்று எங்கள் மஞ்சள் பாத்தியைக் கிளறிக்கொண்டிருந்தது, இரண்டு பேருமே அதை விரட்டவில்லை. மேவுக்கு அப்போதே குரல் கம்மியிருந்தது.

"லீ, நான் ஹோபார்ட்டுக்குப் போயிடப் போறேன்."

"எத்தன நாளு?"

"நாளுக் கணக்கெல்லாம் இல்லடி. ஒரேயடியா."

அப்படியானால் பாட்டு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அங்க பாடுவேன். பாடாமலும் இருப்பேன். நான் பாடாட்டியும் அவனுக்குப் பரவால்லயாம், லீ. அப்படி ஒருத்தன் சொல்லி நான் கேட்டதே இல்ல."

பிறகு என் முழங்காலில் தட்டி, நீ தனியாகப் பாடு, உன் குரலுக்கு என்ன குறைச்சல் என்றாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவினேன். என் குரல் என்று ஒன்று தனியாக எங்கே இருக்கிறது என்று அவளைக் கேட்டிருக்கலாம். அவள் அன்று சந்தோஷமாக இருந்தாள், கேட்க மனம் வரவில்லை.

குரல் கம்மல் போகாததால் தொண்டை மருத்துவரிடம் நான்தான் காரில் கூட்டிப் போனேன். அவர் குழாய் விட்டுப் பார்த்து, ஒரு சின்னத் துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் சொல்வதாகச் சொன்னார். தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள் என்றும் சொன்னார். எங்கள் ஊரில் ஓய்வு என்றால் மௌன விரதம்தான். அதிலும் மேவ் அரைகுறையாக எதையும் செய்யமாட்டாள். கட்டை மௌனம் எடுத்தாள். பேசக் கூடாது, எழுதிக் காட்டக் கூடாது, சைகை கூடாது. மரக்கட்டை போல இருக்க வேண்டும். நாற்பது நாள். நடுவில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அது முறை. நான் வைத்த முறை இல்லை.

மௌனத்தில் இருப்பவர் போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவதும் வழக்கம்தான். டங்கனோடு கடைசியாகப் பேசி, நாற்பது நாள் முடிந்ததும் வண்டியோடு வந்து தன்னையும் சாமான்களையும் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, போனை என் கையில் வைத்தாள்.

"யாரு கூப்பிட்டாலும் நீயே பேசிடு. என் குரல் உன்கிட்டதான இருக்கு."

முதல் வாரத்திலேயே மருத்துவர் கூப்பிட்டார். மேவ் தோட்டத்தில் இருந்தாள். மேவ் காரிகனிடம் பேச வேண்டும் என்றார். அவர் என்னிடம் சொல்லமாட்டார், சட்டம் அப்படி. அதனால் நான் மேவாகப் பேசினேன். பிறந்த தேதி கேட்டார், சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசுவதைப் போலத்தான் இருந்தது. அவர் அவசரப்படாமல் சொன்னார். புற்றுதான், ஆனால் ஆரம்பத்தில் பார்த்துவிட்டோம், கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும், குரலும் ஓரளவு மிஞ்சும், திங்கட்கிழமையே வாருங்கள். அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதை எதற்காகக் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. வளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்றார்.

"நான் சொல்றது புரியுதா, மேவ்?"

"புரியுது டாக்டர்."

ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். மண்டியிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். சொன்னால் டங்கன் அன்றிரவே விமானம் ஏறிவிடுவான், வைத்தியத்துக்கு அவளை ஹோபார்ட்டுக்கே கூட்டிப் போய்விடுவான், பிறகு அவள் திரும்பமாட்டாள் என்று தோன்றியது. நாற்பது நாள் முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் புற்று என்ன ஓடியா போய்விடும்? வெளியே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் கூப்பிட்டார், பயப்பட ஒன்றும் இல்லையாம், ஓய்வு எடுத்தால் போதுமாம் என்றேன். அவள் மண் கையோடு என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். விரதப்படி அதுகூடக் கூடாது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் நானே மருத்துவமனைக்குப் போன் செய்தேன். மேவ் பேசுகிறேன், ஹோபார்ட்டுக்குக் குடிபோகிறேன், வைத்தியத்தை அங்கேயே பார்த்துக்கொள்கிறேன், ரொம்ப நன்றி என்றேன். வெளியிலிருந்து வரும் அழைப்புகளை அவர்கள் பதிவு செய்கிறார்கள் என்று ஆரம்பத்தில் ஒரு இயந்திரம் சொன்னதாம். நான் கவனிக்கவில்லை.

டங்கன் ஞாயிறுதோறும் கூப்பிட்டு, நன்றாக இருக்கிறாளா என்று மட்டும் கேட்பான். நன்றாக இருக்கிறாள் என்பேன். அதை நான் மேவிடம் சொல்லவில்லை. நாற்பது முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, காலையில் அவளுக்குக் கிச்சடி கொண்டுபோனேன். தட்டை வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே கேட்டாள். குரல் என்று சொல்ல முடியாது, தேய்ந்துபோன ஒரு சத்தம்.

"லீ, டங்கன் கூப்பிட்டானா?"

"இல்லடி."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட."

அவள் கேட்காமல் இருந்திருந்தால் விரதம் அந்த வாரம் முடிந்திருக்கும். நானும் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த இரண்டு கேள்விகளும் என் காதில் விழாதது போல விட்டிருக்கலாம், எனக்கும் அவளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. மறுநாள் அவள் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றி, முதல் நாளிலிருந்து தொடங்கினாள்.

விரதம் மறுபடி தொடங்கியதைச் சொன்னபோது டங்கன் பிடிவாதமாகக் கிளம்பி வருகிறேன் என்றான். அதனால் அன்று மத்தியானம் ஆற்றோரமாக நடந்துபோய், மேவின் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டேன். அவள் குரல் கம்மியிருந்தது அவனுக்குத் தெரியும், அது வசதியாகப் போயிற்று. "நான் வரல டங்கன். நீயும் வராத. எனக்கு இங்க இருக்கறதுதான் சரின்னு படுது" என்றேன். போனில் அவனுக்குப் பின்னால் யாரோ மரம் இழைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி மேவ், உடம்பப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. இரண்டாவது நாற்பது முடிகிற அன்று, டங்கன் வரமாட்டானாம் என்று மேவிடம் சொன்னேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. சும்மா தலையசைத்துவிட்டு, விரதத்தை முடிப்பதற்காக நான் பறித்து வைத்திருந்த பூவை எடுத்துத் திரும்பக் கிண்ணத்திலேயே போட்டாள். அதற்கப்புறம் நாள் யாரும் எண்ணவில்லை. பேச அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை போலிருந்தது. பிறகு பேச நினைத்தாலும் முடிந்திருக்காது.

உங்களுக்கு ஒரு உண்மை சொல்கிறேன். அந்தக் குளிர்காலம் போல நான் ஒருநாளும் சந்தோஷமாக இருந்ததில்லை. காலை வகுப்பை நான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை நான் பாடினேன். மேவ் என் பக்கத்தில் தம்புராவை மீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் மௌனத்தில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து அவள் காலடியில் பூ வைத்துவிட்டுப் போனார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மேவே பாடுவதுபோல இருக்கிறது என்று எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். முதல் வரியை நான் பாடியதும் மண்டபத்தில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள், பதில் தொடங்க ஆளில்லை. அப்போது மேவின் உதடு அசையும். சத்தம் வராது. அவள் என் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் எங்கே மூச்செடுக்கிறேன் என்று. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் எனக்குப் பதில் சொன்னாள். அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை.

ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்கிறீர்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். மேவ் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, உள்ளே நாதம் கேட்கத் தொடங்கிவிட்டது என்றார்கள். இளைத்தபோது, தவம் என்றார்கள். கழுத்தில் கட்டி தெரிந்தபோது ஒருத்தி நீலப்பட்டுத் துணி கொண்டுவந்து கட்டிவிட்டாள். அடைபட்டிருந்த சக்தி மேலே ஏறுகிறதாம். எல்லோரும் அன்பாகத்தான் செய்தார்கள். உங்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கும் தம்பி அப்போது ஒரு நாள் வகுப்புக்கு வந்திருந்தார், அவருக்கு நினைவிருக்கும். அவருக்கும் முதுகுவலி. அவரும் போகும்போது மேவை வணங்கிவிட்டுத்தான் போனார்.

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். காது வலி, கட்டி, விழுங்க முடியாதது எல்லாம் எதனால் என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தது. சொன்னால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாளே. அதற்குப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் நான் அவளைப் பட்டினி போடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கிச்சடியைக் கஞ்சியாக்கினேன், கஞ்சியை வடிகட்டினேன், கடைசியில் கரண்டி கரண்டியாக நெய்த் தண்ணீர் புகட்டினேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, வகுப்புக்கு ஆட்கள் வந்து பாய் விரித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு மூச்சு அடைத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அவளுக்கு நினைவு வந்ததும் இளம் டாக்டர் ஒருத்தி கட்டிலருகே குனிந்து, கொஞ்சம் கோபமாக, ஆனால் கனிவாகத்தான் கேட்டாள். ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார்களே, ஹோபார்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்களே போன் செய்தீர்களே, ஏன் போகவில்லை? மேவ் டாக்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் தோளைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள்.

நர்ஸ் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்தாள். மேவ் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றி எழுதப்போகிறாள் என்றுதான் நான் காத்திருந்தேன். எழுதட்டும் என்றுகூட இருந்தது. அவள் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். டங்கன். நர்ஸ் என்னைப் பார்த்து, அவருக்குச் சொல்லிடுறீங்களா என்றாள். சரி என்று தாழ்வாரத்துக்குப் போனேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒருத்தரோடு பேச எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். யாரையும் கூப்பிடவில்லை. அவன் வந்தால் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள், பலகையில் எழுதியாவது. உள்ளே வந்து, "கிளம்பிட்டான், வந்துட்டே இருக்கான்" என்று அவள் காதில் சொன்னேன்.

அதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அன்று பகல் முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் நுழைந்தாலும் தலையைத் தூக்குவாள். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். அப்போதும் தலை கதவுப் பக்கம்தான் திரும்பியிருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் நெஞ்சு அன்று உடைந்ததுதான், இன்னும் ஒட்டவில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் அது நிஜம்.

சாவுக்கு டங்கன் வந்தான். யார் சொல்லியோ தெரிந்து, தானே வந்தான். தான் கட்டிய படகின் பக்கவாட்டில் அவள் பெயரைச் செதுக்கி வைத்திருந்தானாம்; போன் வந்த பிறகும் அதை அழிக்கவில்லையாம். பிறகு மரண விசாரணை நடந்தது. அந்தப் பதிவை எங்கள் இருவருக்கும் போட்டுக் காட்டினார்கள். இது மேவ் காரிகனின் குரல்தானா என்று கேட்டார்கள். டங்கன் கையால் முகத்தை மூடிக்கொண்டு, ஆமாம் என்றான். நானும் ஆமாம் என்றேன். மேவ் தானாகவே வைத்தியத்தை மறுத்தாள் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அன்று டங்கன் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். தேநீரைத் தொடவே இல்லை.

"டாக்டர்கிட்ட என் ஊருக்கு வர்றேன்னு சொல்லிருக்கா. என்கிட்ட வரலைன்னு சொல்லிருக்கா. எதுக்கு லீ எல்லார்கிட்டயும் பொய் சொன்னா? நான் அவளுக்கு என்ன பண்ணினேன்?"

அவன் அழுதான். அவன் அழுததைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். போகும்போது வாசலில் நின்று, "இனிமே அவ பாட்டக் கேக்கவே மாட்டேன்" என்றான். அதைத்தான் தாங்க முடியவில்லை. மேவ் பொய் சொல்கிறவள் இல்லை. அம்மாவிடம் தான் பேச அலுப்புப்பட்டாலும் என்னைத்தான் பேசவிட்டாள், அவளாக ஒரு பொய் சொன்னதில்லை. அவள் பெயர் கெட்டுவிடக் கூடாது என்றுதான் இன்று இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். வேறு எதற்காகவும் இல்லை.

நீங்கள் என்னை நம்பவில்லை என்று தெரிகிறது. துக்கத்தில் புத்தி பேதலித்துப் பேசுகிறாள் என்பதுபோல அந்தத் தம்பி உங்களைப் பார்த்தார், நான் கவனித்தேன். பரவாயில்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். இப்போது கேளுங்கள்.

"ஹலோ, ஆமா, மேவ் காரிகன்தான் பேசறேன். இல்ல, திங்கக்கெழம வர முடியாது. நான் ஹோபார்ட்டுக்குப் போறேன். வைத்தியத்த அங்கயே பாத்துக்கறேன். ரொம்ப நன்றி."

தம்பி எழுதுவதை நிறுத்திவிட்டார். எழுதுங்கள், பாதகமில்லை. மருத்துவரிடம் பேசியது நான், பதிவில் இருப்பது நான், டங்கனை வராதே என்றது நான், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சும்மா நின்றதும் நான். பிழைத்திருக்க வேண்டியவளை, தெரிந்தே, கொஞ்சம் கொஞ்சமாகச் சாகவிட்டது நான். மேவுக்கு எதுவும் தெரியாது. டங்கனுக்கு இதை நீங்களே சொல்லிவிடுங்கள். என் வாயால் கேட்டால் அவனுக்கு அவள் சொல்வதுபோல இருக்கும்.

கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தப் பதிவை இன்னொரு முறை போடுவீர்களா? அதில் அவள் வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிறாள். எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாள், கவனித்தீர்களா? அதைக் கேட்டால் அவள் ஹோபார்ட்டுக்குப் போய்விட்டிருப்பாள், குணமாகியிருப்பாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.